இவருக்கு அப்புறம்?

முதியோர் இல்லம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சீனியர் லிவிங், ரிடயர்மென்ட் கம்யூனிட்டி, செகண்ட் இன்னிங்ஸ் என்று விதவிதமான பெயர்களில் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் வருகிறது. விளம்பரத்தில் வெள்ளை முடியுடன் ஒரு ஜோடி. எப்போதும் ஜோடிதான். அவர் கையில் டென்னிஸ் மட்டை, அந்தம்மா கையில் பூக்கூடை. இரண்டு பேருக்கும் முழங்கால் வலிப்பதாகத் தெரியவில்லை.

முதியோர் இல்லமும் இதுவும் ஒன்றில்லை. இது தன் கையால் குளித்து, தன் காலால் நடக்க முடிகிறவர்களுக்கான இடம். சமையல், பிளம்பர், தண்ணி லாரி, கரண்ட் பில் போன்ற தொல்லைகளை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டு, தனி வீட்டில், தன் பூட்டு சாவியோடு இருக்கலாம். இந்த ஐடியாவைப் பெரிய வியாபாரமாக்கியவர் டெல் வெப் என்கிற அமெரிக்கக் கட்டட கான்ட்ராக்டர். 1960 ஜனவரி 1-ம் தேதி அரிசோனா பாலைவனத்தில் 'சன் சிட்டி' என்ற ஊரைத் திறந்தார். வயதானவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே எதற்கு வருவார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. முதல் வார இறுதியிலேயே சுமார் ஒரு லட்சம் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

நம் ஊரில் இதற்குத் தலைநகரம் கோயமுத்தூர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சிறுவாணித் தண்ணீர், பெரிய ஆஸ்பத்திரிகள், ஏர்போர்ட், கூப்பிடு தூரத்தில் மருதமலையும் பேரூரும். வயதானவர்களுக்கு வேறென்ன வேண்டும் என்று மேற்குத் தொடர்ச்சி மலை தெரிகிற பக்கமெல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி ஒன்றைப் பார்த்து வர என் அத்தை, மாமாவுடன் துணைக்குப் போயிருந்தேன். மாமா பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ரிடயர் ஆனவர். வயது 76. அத்தைக்கு 70. திருச்சி தில்லை நகரில் சொந்த வீடு. பையன் அமெரிக்காவில், பெண் பெங்களூரில். மாடிப்படி இரண்டு பேருக்கும் சிரமமாகிவிட்டது. வேலைக்கு வரும் பெண் லீவு போட்டால் அன்றைக்கு வீட்டில் ஊரடங்கு.

மார்க்கெட்டிங் பையன் நல்ல பையன். எலெக்ட்ரிக் வண்டியில் வைத்துச் சுற்றிக் காட்டினான். நூலகம், பிசியோதெரபி அறை, பில்லியர்ட்ஸ் மேஜை, பஜனை ஹால். மாமா தன் வேலையை ஆரம்பித்துவிட்டார். சுவரை விரலால் தட்டினார். போர் எத்தனை அடி, ஜெனரேட்டர் எத்தனை கே.வி., கழிவு நீர் எங்கே போகிறது என்று கேட்டார். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று கையால் அளந்தார். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்று பார்த்தார். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. இன்ஜினீயர் மூளை. எல்லாவற்றுக்கும் பாஸ் மார்க் போட்டார்.

அத்தை அதுவரை வாயே திறக்கவில்லை. ஆபீசில் காபி வந்த பிறகு மூன்று கேள்வி கேட்டாள்.

"எனக்கு வேணும்னா நானே ஒரு ரசம் வெச்சுக்கலாமா?"

"தாராளமா ஆன்ட்டி. இண்டக்ஷன் அடுப்பு இருக்கு."

"கேட்டுல நோட்டுப் புஸ்தகம் வெச்சிருக்கீங்களே, வெளிய போகணும்னா யார்கிட்டயாவது சொல்லிட்டுத்தான் போகணுமா?"

"சொல்லணும்னு இல்லீங்க ஆன்ட்டி. பேரு மட்டும் எழுதிட்டுப் போனாப் போதும். நேரமாகியும் வரலைன்னா தேடறதுக்கு."

"சரி. இவருக்கு அப்புறம் நான் இங்கேயே இருக்கலாமா?"

பையன் மாமாவைப் பார்த்தான். மாமா சுவரைப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கு ஆன்ட்டி இப்ப? நூறு வருஷம் நல்லா இருப்பீங்க" என்றான்.

"நான் இருப்பேன். அதான் கேக்கறேன்" என்றாள் அத்தை.

யோசித்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். நம் வீடுகளில் மனைவி கணவனைவிட நாலைந்து வயது சின்னவள். சராசரியாகப் பெண்களுக்கு ஆயுளும் கொஞ்சம் கூடுதல். 2011 சென்சஸில் அறுபது தாண்டிய பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள். அந்த வயது ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் இந்த விகிதத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, இந்த மாதிரி இடத்தில் கடைசியில் தனியாக அதிக வருஷம் வாழப் போவது பெரும்பாலும் மனைவி. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது கணவர், பணம் அனுப்புவது மகன், கையெழுத்தும் இவர்கள் இருவரில் ஒருவர். விளம்பரப் படத்தில் அந்தக் கணவரைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தால்தான் நாம் எதை வாங்குகிறோம் என்பது தெரியும்.

பையன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். இந்த இடங்களில் இரண்டு முறை இருக்கிறது. ஒன்று, வீட்டைக் கிரயம் செய்து சொந்தமாக வாங்குவது. இன்னொன்று, பெரிய டெபாசிட் கட்டிவிட்டு இருக்கும்வரை இருந்துகொள்வது, போகும்போது பிடித்தம் போக மீதி திரும்ப வரும். இவர்கள் பார்த்தது இரண்டாவது வகை. டெபாசிட் கட்டுபவர் பெயர் மட்டும்தான் 'குடியிருப்பவர்' என்ற இடத்தில் இருந்தது. அவர் காலமானால் மனைவி தொடர்ந்து இருப்பது 'நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது'. பொடி எழுத்தில், பதினேழாம் பக்கத்தில்.

அடுத்தது கணக்கு. மாமாவின் பென்ஷன் ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். அரசு ஊழியரின் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி. அவருக்குப் பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம். அதாவது ஐம்பதாயிரம் முப்பதாயிரம் ஆகிவிடும். அந்த இடத்தில் சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு மாதம் 38,000. ஒருவருக்கு 26,000. ஆள் பாதியானால் செலவு பாதியாவதில்லை. விளக்கு எரியத்தான் செய்கிறது, செக்யூரிட்டி நிற்கத்தான் செய்கிறார். இரண்டு பேராக இருக்கும்போது பன்னிரண்டாயிரம் மிஞ்சும். ஒருத்தியாக ஆனதும் நாலாயிரம். அதில்தான் மாத்திரை, போன், பேரன் பிறந்த நாள் எல்லாம்.

இதோடு விலைவாசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு 7 சதவிகிதம் ஏறினால் பத்து வருஷத்தில் இரண்டு மடங்கு. பென்ஷனுக்காவது அகவிலைப்படி உண்டு. பேங்க் வட்டியை மட்டும் நம்பி இருப்பவருக்கு அதுவும் கிடையாது. எனவே இன்றைய கட்டணத்தை மட்டும் கேட்டுத் தலையாட்டாமல், ஐந்து வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு வாங்கினார்கள் என்று அங்கே குடியிருப்பவர்களையே கேட்க வேண்டும்.

அங்கே குடியிருந்த ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவரிடம் நான் அரை மணி நேரம் பேசினேன், பையன் இல்லாமல். அவரிடமிருந்தும் அதற்குப் பிறகும் சேகரித்த கேள்விகள் இவை. தேவைப்படுபவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தமோ கிரயப் பத்திரமோ, இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதா?

படுக்கையில் விழுந்தால், மறதி நோய் வந்தால், இங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா? இனி தனியாக இருக்க முடியாது என்று முடிவு செய்வது யார்? குடும்பமா, அவர்கள் டாக்டரா?

ராத்திரி இரண்டு மணிக்கு பெல் அடித்தால் வருவது நர்ஸா, வாட்ச்மேனா?

பெண் வீட்டுக்கு மூன்று மாதம் போனால் சாப்பாட்டுக் காசு கழிப்பார்களா?

சொந்தமாக வாங்கினால், வாரிசு ஐம்பது வயதுக்காரராக இருந்தால் என்ன ஆகும்? பல இடங்களில் வீடு அவருக்கு வரும், ஆனால் 55 வயது ஆகாமல் குடியேற முடியாது. விற்கிறவரை பராமரிப்புத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டியவர் கைகழுவிவிட்டுப் போனால் சமையலறையை நடத்துவது யார்? மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019-ல் ரிடயர்மென்ட் ஹோம்களுக்கு மாதிரி விதிமுறை வெளியிட்டது. கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் என்று மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அதன் முக்கியமான அம்சம். உங்கள் காகிதத்தில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. 'நாங்கதான் அங்க போறோமே' என்று இருக்கிற வீட்டை அவசரப்பட்டுப் பிள்ளைகள் பெயருக்கு எழுதி வைத்துவிட வேண்டாம். 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்து, அவர்கள் பார்க்காவிட்டால், தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது நல்லது.

சரி, அத்தை கேட்ட ரசமும் கேட்டும்? அவை சின்ன விஷயங்கள் என்று நினைக்கலாம். 1976-ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் விடுதியில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை நீங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம், என்றைக்கு சினிமா பார்ப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு செடியைப் பராமரிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் நர்ஸ்கள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சந்தோஷமாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். இரண்டு மாடியிலும் அதே சாப்பாடு, அதே கட்டில். ஒரு மாடியில் மட்டும் முடிவெடுக்கிற உரிமை அவரவர் கையில் இருந்தது. இண்டிபெண்டன்ட் என்று போர்டில் எழுதியிருக்கிறார்களே, அது பில்லியர்ட்ஸ் மேஜையில் இல்லை. நினைத்த நேரத்துக்கு ஒரு ரசம் வைப்பதில் இருக்கிறது.

அன்றைக்கு மாமா அட்வான்ஸ் செக்கோடுதான் வந்திருந்தார். கொடுக்கவில்லை. திருச்சிக்குத் திரும்பும்போது கரூர் வரை காரில் யாரும் பேசவில்லை. பிறகு அவர்தான், "அந்தப் பதினேழாம் பக்கத்தை மாத்தித் தருவாங்களான்னு கேளுடா" என்றார். கேட்டேன். முதலில் முடியாது என்றார்கள். மூன்று வாரம் கழித்து, இரண்டு பேர் பெயரையும் போட்டு, 'எஞ்சியிருப்பவர் அதே வீட்டில் தொடரலாம்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார்கள். கேட்டால் கிடைக்கிறது. கேட்பவர்கள் குறைவு.

தில்லை நகர் வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வாடகை அத்தையின் பேங்க் கணக்குக்குப் போகிறது. அவள் பெயரில் தனியாக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் பணம் போட்டாயிற்று. 2023 ஏப்ரலிலிருந்து அதில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். முதல் ஆறு மாதம் ட்ரையல். சரிப்படாவிட்டால் திரும்பி வருவதென்று ஏற்பாடு.

எந்த இடம் என்று கேட்டு எழுதாதீர்கள். நிர்வாகம் மாறினால் நல்ல இடமும் மாறிவிடும். ஒன்று மட்டும் செய்யுங்கள். பார்க்கப் போகும்போது வீட்டிலிருக்கும் அம்மாவையும் அழைத்துப் போங்கள். அந்த ஒப்பந்தத்தை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.