ஜயித்த பிறகு நடந்த ஆட்டம்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஏறக்குறைய 30 மைல். இந்த வழியில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது வெளியூர்க்காரர்களின் அபிப்பிராயம். வலையங்குளம் தாண்டினால் பொட்டல், காரியாபட்டி தாண்டினால் கரிசல், மிச்ச இடமெல்லாம் சீமைக் கருவேல் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 2025-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி இரவு நாம் ஏறிய பஸ்ஸிலோ, உள்ளூர்க்காரர்களே வெளியில் பார்க்கவில்லை. மறுநாள் திருக்கார்த்திகை. நிலா ஏறக்குறைய முழுசாக இருந்தது. அதையும் ஒருவரும் லட்சியம் செய்யவில்லை. பஸ்ஸுக்குள் அவ்வளவு பெரிய சண்டை!

சண்டைக்குக் காரணம் நம் தேசம் ஜயித்துவிட்டதுதான்.

அந்த வருஷம் வாலிபர்களுக்கான உலகக் கோப்பை ஹாக்கிப் பந்தயம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 தேசங்கள் கலந்துகொண்டன. மதுரை ரேஸ்கோர்ஸில் இதற்கென்றே புதிதாக மைதானம் அமைத்து, நீல நிறச் செயற்கைப் புல் விரித்திருந்தார்கள். நவம்பர் 29-ந் தேதி அங்கே இந்தியா ஓமன் தேசத்தை 17-க்குப் பூஜ்யம் என்று முறியடித்தது. நாம் பார்த்த அன்று ஸ்விட்சர்லாந்தை 5-க்குப் பூஜ்யம் என்று ஜயித்தது. இப்படி ஜயித்த கட்சிக்காரர்கள் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் ஊர் திரும்புவார்கள் என்றுதான் எதிர்பார்த்தோம். நம்மோடு வந்த டிரில் வாத்தியாரும் அப்படியே எதிர்பார்த்து, கொஞ்சம் தூங்கலாம் என்று துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். பஸ் மதுரையின் விளக்குகளைத் தாண்டுவதற்குள் அந்த உத்தேசம் பாழாயிற்று.

"அஞ்சு கோல் போட்டானுங்க, சரி. எப்பப் போட்டானுங்க?" என்று ஆரம்பித்தார் நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒருவர். "முன்பாதியிலே நாலு. பின்பாதியிலே ஒண்ணே ஒண்ணு. எங்க பக்கம் ஐப்பசியிலே பத்து நாள் கொட்டிட்டுக் கார்த்திகையிலே நின்னுபோற மழை இருக்கே, அந்தக் கதைதான். அதை நம்பி விதைச்சா வெள்ளாமை வீடு சேராது."

எதிர் ஆசனத்துக் கல்லூரி மாணவன் விடவில்லை. "கண்மாய் ஏற்கெனவே நிறைஞ்சு மறுகால் போகுது, அண்ணாச்சி. அப்புறம் எதுக்கு மழை? அடுத்தது காலிறுதி. காலை மிச்சம் பிடிச்சு வெச்சிருக்காங்க."

இந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்டதும் டிரில் வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மானாவாரி விவசாயம் செய்யும் ஜனங்கள் மழையை அங்குலக் கணக்கில் மதிப்பிடுவதில்லை. விதைப்புக்கு முன்னால் பெய்ததா, பூப் பிடிக்கும்போது பெய்ததா, பருத்தி வெடிக்கும்போது பெய்து கெடுத்ததா என்றுதான் கேட்பார்கள். அதே கண்ணோடு அவர்கள் ஆட்டத்தையும் பார்க்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் 17 கோல் என்று கொட்டை எழுத்தில் போட்ட ஆட்டத்தைப் பற்றி அந்தப் பஸ்ஸில் அநேகமாக ஒருவரும் பேசவில்லை என்பதைக் கவனித்தோம். அதிலிருந்து தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

பந்தல்குடிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு முதியவர் மட்டும் அதைத் தொட்டார். சிறுவயதில் கோவில்பட்டியில் படித்தவராம். ஹாக்கி உலகத்தில் கோவில்பட்டி என்றால் தனி மரியாதை உண்டு. கடலை மிட்டாய்க்கு எவ்வளவு பேரோ, அவ்வளவு பேர் அந்த ஊருக்கு ஹாக்கியாலும் உண்டு. "1932-இலே லாஸ் ஏஞ்சல்ஸிலே அமெரிக்காவை 24-க்கு 1 என்று ஜயித்தோமே, தியான்சந்த் காலத்திலே! அதைப் பற்றி இன்றைக்கு மிஞ்சியிருக்கிற பேச்சு என்ன? அந்த ஒரு கோல் விழும்போது நம் கோல்கீப்பர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்கிற கதைதான்!" என்றார். வாஸ்தவம். 24 கோலையும் மறந்துவிட்டு, வாங்கிய ஒன்றைப் பற்றியே நாமும் கதை கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

பிறகு அவர் கொஞ்சம் தணிந்த குரலில் வேறொன்று கேட்டார். "அந்தப் பதினெட்டு இருபது பேரிலே நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் உண்டா?"

பஸ்ஸில் சற்று நேரம் சத்தமில்லை. பந்தயம் நடந்தது தமிழ் நாட்டில். ஆனால் இந்தியக் கோஷ்டியில் தமிழ் நாட்டுப் பையன் ஒருவனும் இல்லை. மாணவன் மெதுவாக, 2022-இல் ஜாகர்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் செல்வம் கார்த்தியும் இந்தியாவுக்கு ஆடினார்களே என்று சொல்லிப் பார்த்தான். "அதைத்தாண்டா நானும் சொல்றேன். அப்புறம் ஏன் இல்லை?" என்றார் கிழவர்.

இதற்குப் பதில் நீளமானது. 1928 முதல் 1972 வரையில் ஒலிம்பிக்கில் ஒரு தடவைகூட இந்தியா ஹாக்கியில் பதக்கம் இல்லாமல் திரும்பியதில்லை. 1976-இல் மாண்ட்ரீலில் முதன்முதலாகச் செயற்கைப் புல்லை விரித்தார்கள். நாம் ஏழாவதாக வந்தோம். தோல்விக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் கட்டாந்தரையில் பந்து துள்ளிய துள்ளலுக்கு ஏற்ப மட்டையைத் திருப்பப் பழகிய கைகளுக்கு அன்று பழைய பள்ளிக்கூடம் மூடப்பட்டது என்பது நிச்சயம். தரையில் ஆடிப் பழகியவன் பெரிய பந்தயத்துக்குத் தேறுவது துர்லபம். விரிப்புக்கோ பணம் வேண்டும். பணத்தைக்கூட எப்படியாவது சேர்த்துவிடலாம், தண்ணீர் வேண்டுமே!

டிரில் வாத்தியார் இதை விஸ்தரித்துக்கொண்டிருந்தபோது, முன் ஆசனத்தில் முடங்கியிருந்த ஒரு மூதாட்டி திரும்பினாள். மகள் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவள்.

"ஏப்பா, புல்லுன்னா அது நெசப் புல்லு இல்லையாமே. பயிரும் இல்லை, பச்சையும் இல்லை. அதுக்கு எதுக்குத் தண்ணி?"

பந்து வழுக்கிக்கொண்டு ஓடவும், விழுந்தவர்களுக்குத் தோல் உரியாமல் இருக்கவும் ஆட்டத்துக்கு முன்னாலும் நடுவிலும் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள் என்று டிரில் வாத்தியார் விளக்கினார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் முன்னைவிடக் குறைவாகத் தண்ணீர் குடிக்கும் விரிப்பைப் போட்டதாகவும், தண்ணீரே வேண்டாத விரிப்புக்கு முயற்சி நடப்பதாகவும் சொன்னார். கிழவிக்குத் திருப்தி ஏற்படவில்லை.

"சரி, தோத்தவுக எந்த ஊரு?"

"ஸ்விட்சர்லாந்து, அப்பத்தா. பனி மலை தேசம்."

"அம்புட்டுத் தூரத்திலேருந்து வந்து தோத்துட்டுப் போகுதுகளாக்கும்! சோறு தண்ணியாவது ஒழுங்காக் குடுத்தாகளா?"

அந்த இரவில் எதிர்க் கட்சியை நினைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மேலே நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 5-ந் தேதி சென்னையில் பெல்ஜியத்தோடு 2-க்கு 2 என்று சமமாக முடிந்து, ஷூட்டவுட்டில் 4-க்கு 3 என்று தப்பினோம். அதற்கடுத்த ஆட்டத்தில் ஜெர்மனி நம்மை 5-க்கு 1 என்று தோற்கடித்தது. அருப்புக்கோட்டை டீக்கடைகளில் மில்காரரின் கட்சி மேலோங்கிற்று. 10-ந் தேதி வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினா 2-க்குப் பூஜ்யம் என்று முன்னால் நின்றது. கடைசிக் கால் பகுதியில் நம் பையன்கள் நான்கு கோல் போட்டு ஜயித்தார்கள். பின்பாதியில் வறண்டுபோகிற கோஷ்டி என்று பத்து நாளாகச் சாதித்தவர்களின் நிலைமையை என்னவென்று சொல்வது! ஆனால் அவர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டதாக நமக்குத் தெரியவில்லை. முக்கால் ஆட்டம் தூங்கினானுங்களே, அதைக் கேளுங்கள் என்று இப்போது வாதம் திரும்பியிருந்தது.

அரையாண்டு விடுமுறையில் திருச்சுழிக்குப் போனோம். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் இருக்கிறது. பிரளயமாக வந்த வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்துப் பூமிக்குள் போகச் செய்தார் என்பது ஸ்தல புராணம். அந்த வெள்ளத்தில் கொஞ்சம் மேலேயே விட்டுவைத்திருக்கக் கூடாதா என்று கோடையில் வருகிறவர்கள் கேட்பதுண்டு. ரமண மகரிஷி 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி இங்கே பிறந்தார். திருமேனிநாதர் கோயிலில் தரிசனம் செய்துவிட்டு, அவர் பிறந்த வீட்டையும் பார்த்துக்கொண்டு ஊருக்கு வெளியே நடந்தோம்.

கரிசல் அப்போது நன்றாக இருந்தது. மக்காச்சோளம் கதிர் வாங்கியிருந்தது. உளுந்துக் காய்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. ஒரு கண்மாய்க்கரை மேல், இரண்டு ஆள் சேர்ந்து நடக்கத்தக்க அகலத்தில், ஏழெட்டுப் பையன்கள் வளைந்த கருவேலங் கம்புகளால் ரப்பர்ப் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். மதுரை ஆட்டத்தைப் பார்த்த பலன்! பந்து இரண்டு அடிக்கு ஒரு தரம் தண்ணீரில் விழுந்தது. ஒருவன் நீந்திப் போய் எடுத்துவந்தான்.

டிரில் வாத்தியாருக்குக் கை ஊறியது. கம்பை வாங்கிப் பிடிக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டு, "ஏண்டா, இந்த ஒற்றையடிப் பாதையில் ஆடினால் எப்படிப் பழக்கம் வரும்? வேறே இடமில்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு, சார்" என்று பையன் கண்மாயின் நட்ட நடுவைக் காட்டினான். "அதுதான் எங்க கிரவுண்டு. இந்த வருஷம் தண்ணி கிடக்கு. பங்குனிக்கு மேலே வாங்க."