தலைப்பாகையும் சுங்குடியும்

ஓர் ஊரின் முகம் அதன் உடையிலும் உணவிலும் தெரியும். மிலானின் ஆடையழகும் நேப்பிள்சின் பீட்சாவும் இத்தாலியர்க்கு அடையாளமாயின. திண்டுக்கல்லிலோ இவ்விரண்டும் ஒரே பெயரில் கலந்தன. 1957இல் இங்கு உணவகம் தொடங்கிய நாகசாமி நாயுடு தலைப்பாகை அணிபவர். அவரது கடையின் சீரகச் சம்பாப் பிரியாணியை மக்கள் 'தலப்பாக்கட்டி' என்றே அழைத்தனர். தலையில் கட்டிய துணி, இலையில் இட்ட சோற்றுக்குப் பெயராயிற்று.

அண்டையூரான சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்றது. துணியைக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் தோய்ப்பர். முடிச்சவிழ்த்தால் சாயமேறாத புள்ளிகள் விண்மீன்களாய்ச் சிரிக்கும். இன்றோ அச்சுப் புள்ளிகள் மலிந்தன. முடிச்சிடும் விரல்கள் அருகின.

தொப்பம்பட்டிக்கு விருந்துண்ண வந்த பேத்தி, பாட்டியின் பழைய சுங்குடியைக் கேட்டு உடுத்துகிறாள். நாவில் வாழும் ஊர் தோளிலும் வாழட்டும்.