பெட்டி ஃபிரான்ஸ் தெருவில் ஒரு தாம்பரம் பயணி

லண்டன், ஈஸ்ட் ஹாம்.

தாம்பரம் பக்கத்துச் சேலையூர்க்காரர் ஒருவருக்கு லண்டனில் கிடைத்தது மூன்று வார ஆன்சைட். அதில் வேலை விழுங்காமல் விட்டது ஒரே ஒரு சனி, ஞாயிறு. பிக் பென், லண்டன் ஐ, மெழுகுச் சிலைகள் என்று அலுவலக நண்பர்கள் எழுதிக் கொடுத்த பட்டியலோடு ஈஸ்ட் ஹாமுக்கு வந்தார். ஒரு காலத்தில் சேலையூரில் பக்கத்து வீட்டில் இருந்தவர் இங்கே குடியேறி இருபது வருடமாகிறது. தோசை சாப்பிட்டு முடித்ததும் அவர் சொன்னார்: "முதல்ல உன் ரயில் ஆபீஸைப் பார்த்துட்டு வரலாம், வா."

"என் ரயில் ஆபீஸா? இங்கேயா அண்ணா?"

டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் செயின்ட் ஜேம்ஸஸ் பார்க் வந்துவிடும். லண்டனில் தரைக்கடியில் ரயில் முதன்முதலாக ஓடியது 1863 ஜனவரி 10-ல். அதே வருடம் மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர், இன்று தாம்பரம் ரயில் நின்று போகும் பல்லாவரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவின் பழைய கற்கால வரலாறு அந்தக் கல்லிலிருந்துதான் எழுதப்பட்டது. பல்லாவரம் ஸ்டேஷனில் தினமும் நின்று புறப்படும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பெட்டி ஃபிரான்ஸ் தெரு. கவிஞர் மில்டன் குடியிருந்த தெரு. இன்று நீதித்துறை அமைச்சகம் இருக்கிறது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பதிவு அலுவலகம் இருந்ததும் இங்கேதான். வண்டிகளை ஓட்டியது திருச்சியிலிருந்து. முதலாளிகள் கூடிக் கணக்குப் பார்த்தது லண்டனில். ஆரம்பகால ரயில் கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கு 5 சதவீத வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. ரயிலில் வருமானம் குறைந்தால், அந்தக் குறையை இட்டு நிரப்பியது இந்தியரின் வரிப்பணம். பக்கிங்ஹாம் அரண்மனை இங்கிருந்து நடக்கும் தூரம்தான். அரண்மனை வாசலில் படம் எடுத்துக்கொள்ளும் நம்மவர்கள் இந்தத் தெருவிலும் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகவேண்டும்.

சென்னையின் பீச்–தாம்பரம் மின்ரயில் 1931-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி விட்டதுதான். பம்பாய்க்கு அடுத்தபடியாக மின்ரயில் கண்ட நகரம் சென்னை. அந்த மீட்டர் கேஜ் வண்டி 2004 வரை ஓடியது. சேலையூர்க்காரரின் அப்பா அதில்தான் சீசன் டிக்கெட்டில் முப்பது வருடம் வேலைக்குப் போய்வந்தார். மகன் தெருவின் பெயர்ப்பலகையை மட்டும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த நிமிடமே அப்பாவிடமிருந்து போன். அன்று பேச்செல்லாம் பழைய வண்டியைப் பற்றித்தான்.

ஞாயிறு, கிரீனிச்.

அரச வானாய்வகம் 1675-ல் தொடங்கியது. பூஜ்ய தீர்க்கரேகை ஓடும் முற்றத்துக்குள் போக டிக்கெட் வேண்டும். வெளியே நடைபாதையிலும் அதே கோடு போகிறது, அங்கே நிற்கக் காசு இல்லை. இரு காலையும் கோட்டின் இருபுறமும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் காத்திருக்கிறார்கள். நம் ஊருக்கும் இப்படி ஒரு கோடு இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906-ல் இந்தியப் பொது நேரம் வரும்வரை நாட்டின் ரயில்கள் அதன்படிதான் ஓடின.

சேலையூர்க்காரரை அதைவிட அதிகமாகத் தொட்டது இன்னொரு கோடு. 1802 ஏப்ரல் 10-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் நில அளவையைத் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல், சுமார் 12 கிலோமீட்டர். வெயிலில் எஃகுச் சங்கிலி நீளும் என்பதால் அதன் வெப்பத்தையும் குறித்துக்கொண்டே அளந்தார்கள். அந்த அடிக்கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போன கணக்குதான் கடைசியில் எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னது. கோணம் அளக்க லண்டனில் வில்லியம் கேரி செய்த தியோடலைட்டின் எடை அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள்.

"அண்ணா, அந்தப் பெரும்பாக்கம் வழியாத்தான் நான் தினமும் சோழிங்கநல்லூர் ஆபீஸுக்குப் போறேன்" என்றார் சேலையூர்க்காரர். பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை. நண்பர்கள் கொடுத்த பட்டியலில் பாதிக்குமேல் பார்க்காமலே ஊர் திரும்பினார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாமுக்கு ஒரு படம் வந்தது. பரங்கிமலை உச்சியில் சேலையூர்க்காரரின் மகள் தெற்கே கைநீட்டி நிற்கிறாள். அவள் காட்டும் பக்கம் மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று ஒரே கட்டடமாக இருக்கிறது. கீழே எழுதியிருந்தார்: "பெரும்பாக்கம் குன்று எதுன்னு தேடிட்டே இருக்கோம் அண்ணா."