72-க்கு 1: லோங்ஷாமில் ஓர் அக்டோபர் ஞாயிறு

அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை நேரம். பாரிஸ் நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் 'புவா த பூலோன்' என்ற காட்டுப் பூங்காவின் பாதைகளில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நடந்து வருகிறார்கள். கோட்டு சூட்டு போட்ட ஆண்கள், இறகு வைத்த தொப்பி அணிந்த பெண்கள், தோளில் கொடியைப் போர்த்திய ஜப்பானிய இளைஞர்கள். காலடியில் ஈர இலைகளோடு, தோற்றுப்போன பந்தய டிக்கெட்டுகளும் கிடக்கின்றன. ஆளுக்கொரு மொழி என்றாலும் பேச்சு ஒன்றுதான்: "அந்தக் குதிரை எப்படி ஜெயித்தது?"

எல்லோரும் திரும்பி வருவது லோங்ஷாம் ரேஸ் மைதானத்திலிருந்து. அன்று நடப்பது 'ஆர்க்' என்று ரசிகர்கள் செல்லமாகச் சொல்லும் 'ப்ரீ த லார்க் த த்ரியோம்ஃப்'. தடை தாண்டாமல் சமதரையில் ஓடும் பந்தயங்களில், ஐரோப்பாவிலேயே பெரியது இது. மொத்தப் பரிசு 50 லட்சம் யூரோ!

மடம் இருந்த இடம்

இந்த மண்ணின் கதை குதிரைகளுக்கு முந்தையது. 13-ம் நூற்றாண்டில், பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் தங்கை இசபெல் இங்கே ஒரு கன்னியர் மடம் அமைத்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடம் அழிந்தது. அதன் நினைவாக ஒரு பழைய காற்றாலை மட்டும் மைதானத்தின் ஓரத்தில் இன்றும் நிற்கிறது.

1857 ஏப்ரலில் ரேஸ் மைதானம் திறக்கப்பட்டபோது, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் செய்ன் நதி வழியாகப் படகில் வந்து இறங்கினார். ஓவியர் மானே இங்கே பாய்ந்து வரும் குதிரைகளைத் தன் ஓவியத்தில் நிலைக்க வைத்தார். முதல் உலகப் போர் முடிந்து, 1920-ல் ஆர்க் பந்தயம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே கோப்பையைத் தட்டிச் சென்றது, கடல் தாண்டி வந்த 'காம்ரேட்' என்ற இங்கிலாந்துக் குதிரை. வெளியூர்க்காரர் வந்து ஜெயிப்பது அன்றே ஆரம்பித்துவிட்டது.

இப்போது பார்வையாளர் அரங்கு புதியது. கட்டடக் கலைஞர் தொமினிக் பெரோ வடிவமைத்த அந்தப் பொன்னிற அரங்கு 2018-ல் திறக்கப்பட்டது. முன்னோக்கிச் சாய்ந்தாற்போல் நிற்கும் அதைப் பார்த்தால், கட்டடமே ஓடத் தயாராவதுபோல் இருக்கும்.

ஏமாற்றும் பாதை

ஆர்க் ஓட்டம் 2,400 மீட்டர். காற்றாலைப் பக்கம் கிளம்பும் குதிரைகள், சற்று தூரத்தில் மேடேற வேண்டும். சுமார் 10 மீட்டர் உயரம். பிறகு வலப்பக்கம் வளைந்து இறக்கம். இறங்கி முடிந்ததும் ஒரு நேர்ப்பாதை தெரியும். கடைசிப் பாதை வந்துவிட்டது என்று எண்ணி விரட்டினால் போச்சு! அதன் பெயரே 'பொய்யான நேர்ப்பாதை'. அதற்கப்பால் இன்னொரு வளைவு இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் 500 மீட்டருக்கு மேல் நீளும் நிஜமான கடைசி ஓட்டம். பொறுமை இழந்த ஜாக்கிகள் பலர் இங்கே கோட்டை விட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சூட்சுமம் மழை. அக்டோபர் பாரிஸில் எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் பிரான்ஸில், ஓட்டத்துக்கு முன் ஒரு கம்பியைத் தரையில் இறக்கி, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து அறிவிக்கிறார்கள். அனுபவசாலிகள் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். காய்ந்த தரையில் பறக்கும் குதிரை, சேற்றில் கால் புதைந்து திணறும். சேற்றுக்கென்றே பிறந்த குதிரைகளும் உண்டு.

அந்த 2021

2021 அக்டோபர் 3-ம் தேதி தரை கனத்துக் கிடந்தது. களத்தில் 14 குதிரைகள். இங்கிலாந்தின் டெர்பியை வென்ற அடாயர், செயின்ட் லெஜரை வென்ற ஹரிகேன் லேன், அமெரிக்கா போய் ஜெயித்து வந்த டர்னாவா, ஓக்ஸ் பந்தயத்தில் 16 குதிரை நீளம் முந்தி அசத்திய ஸ்னோஃபால் என எல்லாம் பெரிய இடம். ஜெர்மனியிலிருந்து வந்த டார்குவேட்டர் டாஸோவை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. குட்டியாக இருந்தபோது 24,000 யூரோவுக்கு வாங்கப்பட்டது அது. பந்தய விலை 72-க்கு 1. அதாவது, ஒரு ரூபாய் கட்டினால் 72 ரூபாய் லாபம்.

கடைசி நேர்ப்பாதையில் அடாயர் முன்னே வந்தது. அதை டர்னாவாவும் ஹரிகேன் லேனும் மடக்கின. இரண்டில் எது என்று அரங்கம் கத்திக்கொண்டிருந்தபோது, வெளிப்பக்கமாக ஒரு குதிரை நிதானமாக, நிற்காமல் வந்தது. ஜாக்கி ரெனே பீஷூலெக் கோட்டைத் தாண்டும்போது, டார்குவேட்டர் டாஸோ முக்கால் குதிரை நீளம் முன்னால் இருந்தது!

இம்மாதிரி மாலைகளில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "எல்லாம் சேறு செய்த வேலை. குருட்டு அதிர்ஷ்டம்" என்பது ஒரு கட்சி. "கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்பது எதிர்க்கட்சி.

இரண்டாம் கட்சியிடம் ஆதாரம் இருக்கிறது. இந்தக் குதிரை முந்தைய ஆண்டு பெர்லினின் பெரிய பந்தயத்தை வென்றது. ஆர்க்குக்கு ஒரு மாதம் முன்புதான் பாடன் நகரின் பெரிய பந்தயத்தையும் வென்றிருந்தது. 1975-ல் 119-க்கு 1 விலையில் வென்ற ஸ்டார் அப்பீல், ஜெர்மனியில் பழக்கப்பட்ட குதிரை. 2011-ல் ஐந்து குதிரை நீள வித்தியாசத்தில் வென்ற டேன்ட்ரீமும் ஜெர்மன்தான். அன்று தரை காய்ந்திருந்தது என்பதால், பழியை மழையின் மேலும் போட முடியாது. அந்த வழி மூன்று முறை குதிரை வந்து ஜெயித்தது. மூன்று முறையும் கூட்டம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பிரான்ஸில் பந்தயப் பணம் முழுவதும் ஒரே தொகுப்பில் சேரும். நடத்துபவரின் பங்கும் வரியும் போக, மிச்சத்தை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். 19-ம் நூற்றாண்டில் இந்த முறையைக் கொண்டுவந்த ஜோசப் ஓலேதான், பின்னாளில் புகழ்பெற்ற 'மூலான் ரூஜ்' அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்த முறையில் விலை சொல்வது குதிரையின் பலத்தை அல்ல, கூட்டத்தின் ஆசையைத்தான்.

ஜப்பானியரின் கண்ணீர்

அந்த ஆசைக்கு ஜப்பானியர்களே சாட்சி. 1969 முதல் அவர்களின் குதிரைகள் ஆர்க்குக்கு வருகின்றன. இதுவரை ஒன்றுகூட ஜெயித்ததில்லை. 2006-ல் டீப் இம்பாக்டுக்காக ஆயிரக்கணக்கானோர் பறந்து வந்தார்கள். அவர்கள் அன்போடு கட்டிய பணத்திலேயே அதன் விலை அடிமட்டத்துக்கு இறங்கியது. குதிரை மூன்றாவதாக வந்தது. மருந்துச் சோதனைக்குப் பின் அந்த இடமும் பறிபோனது.

2012-ல் நடந்தது அதைவிடக் கொடுமை. ஓர்ஃபெவ்ர் கடைசி நேர்ப்பாதையில் எல்லோரையும் தாண்டிப் பாய்ந்தது. ஜப்பானியர்கள் கொண்டாடவே தொடங்கிவிட்டார்கள். தனியாக முன்னே போன குதிரை உள்வேலிப் பக்கம் சாய்ந்து வேகம் குறைந்தது. யாரும் எண்ணிப் பார்க்காத சோலேமியா என்ற பெண்குதிரை, கோட்டருகே கழுத்தளவில் முந்திவிட்டது. அந்த முடிவை ரசிகர்கள் இன்றும் பேசித் தீர்க்கவில்லை. ஆனாலும் அடுத்த அக்டோபரில் கொடியோடு வந்து நின்றார்கள்.

ரேஸ் என்றாலே குடும்பத்தைக் குலைக்கும் என்ற பயம் நம் வீடுகளில் உண்டு. நியாயமான பயம். வம்சாவளி முதல் குளம்பு வரை அறிந்தவர்களே தடுமாறும் இடத்தில், அறியாதவர் பர்ஸைத் திறக்காமல் இருப்பதே நல்லது. லோங்ஷாமை ரசிக்கப் பந்தயம் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. மெட்ரோ 10-ம் தடத்தில் போர்த் தோத்தே நிலையத்தில் இறங்கினால், ஆர்க் நாளில் மைதானத்துக்குப் பேருந்து விடுவார்கள். குடை அவசியம். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தின் அருகே இடம் பிடிப்பது இன்னும் அவசியம்.

அங்கே மின்னும் உடலோடு நடக்கும் குதிரைகளுக்குத் தங்கள் விலை தெரியாது. எல்லோரும் உற்றுப் பார்க்கும் குதிரையைக் கொஞ்சம் விட்டுவிட்டு, யாரும் பார்க்காத ஒன்றையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வரலாம். மாலையில் எல்லோரும் பேசப்போவது அதைப் பற்றியாகவும் இருக்கலாம்.