திசையற்ற ஓசை

கண் தன் முன்னே உள்ளதை மாத்திரம் காண்பது. செவியோ முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒருங்கே விழித்திருப்பது. ஆயினும், இசையைப் பதிவுசெய்து கேட்கத் தொடங்கிய மனிதன், தன் முன்னே வைத்த ஓரிரு பெட்டிகளிலிருந்து வரும் ஓசையோடு நெடுங்காலம் அமைதி கண்டான். இக்குறையை நீக்க எழுந்த முயற்சி ஐம்பதாண்டுகளின் பின்னர் ஒரு முதியவரை வந்தடைந்த விதம் சிந்தித்தற்குரியது.

அவர் இலண்டன்வாசி, ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். 1973ஆம் ஆண்டில், மாணவராயிருந்த காலத்தில், பிங்க் புளொய்ட் என்னும் ஆங்கில றொக் இசைக்குழுவினரின் ‘த டாக் சைட் ஒவ் த மூன்’ என்ற இசைத்தட்டை வாங்கினார். சந்திரனின் இருண்ட பக்கம் என்பது அதன் பொருள். காலம், பணம், மரணம், சித்தக்கலக்கம் எனும் மனிதனை வாட்டும் சுமைகளே அதன் பாடுபொருள்கள். விடுதியறைத் தரையில், இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, நண்பரோடு அவர் அதனைக் கேட்ட இரவுகள் பல.

இசை கேட்போரைச் சூழ்ந்து நிற்கவேண்டும் என்ற அவா அக்குழுவினரிடம் முன்பே இருந்தது. 1967 மே மாதத்தில் இலண்டன் குவீன் எலிசபெத் மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்தியபோது, அவையோரைச் சுற்றி ஒலியை வலம்வரச் செய்யும் கருவியொன்றை அவர்கள் கையாண்டனர். மேற்கூறிய இசைத்தட்டு அபே றோட் கலையகத்திலே பதிவானபோது பொறியியலாளராகப் பணியாற்றிய அலன் பார்சன்ஸ், நான்கு ஒலிபெருக்கிகளுக்கென அதனை வேறாகவும் கலந்தமைத்தார். அதில் ஒருங்கே அலறும் கடிகாரங்கள்கூட, நாற்றிசை ஒலியை விளக்கிக் காட்டும் நோக்கோடு, கடிகாரக் கடையொன்றில் அவர் தனித்தனியே முன்னர் பதிவுசெய்து வைத்திருந்தவையே. ஆனால் நாற்றிசை ஒலி நிலைக்கவில்லை. ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல முறைகள் சந்தையிலே போட்டியிட்டன. நான்கு ஒலிபெருக்கிகளை வாங்கும் வசதியும் பலருக்கு இருக்கவில்லை. நம் மாணவரும் அப்பலருள் ஒருவர்.

பின்னர் 2003இல் ஜேம்ஸ் கத்ரி ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் அடியொலிப் பெட்டியொன்றுக்குமாக அதனை மீளக் கலந்தமைத்தார். ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2023இல் டொல்பி அட்மோஸ் முறையிலான அவரது கலவை வெளிவந்தது. ஒவ்வோர் ஒலியையும் வெளியிலே ஓரிடத்தில் நிறுத்தவோ நகர்த்தவோ வல்லது அம்முறை. அதற்கென மகன் தன் வீட்டு அறையில் செவிமட்டத்தில் ஏழும், கூரையில் நான்கும், அடியொலிக்கென ஒன்றுமாகப் பன்னிரண்டு பெட்டிகளை அமைத்துத் தந்தையை அழைத்திருந்தான். பேர்த்தி அவரருகே அமர்ந்தாள்.

கடிகாரங்கள் அலறின. பேர்த்தி வியப்பு மேலிட, சுவரையும் மூலையையும் கூரையையும் மாறிமாறிச் சுட்டிக்காட்டினாள். அவரும் தலையசைத்தார். ஆனால் உண்மையில் அவருக்குக் கேட்டது, கம்பளத்தால் மூடப்பட்டாற் போன்ற ஒரு மங்கிய ஆரவாரம் மாத்திரமே. கூரையிலிருந்து அவருக்கு எதுவும் இறங்கி வரவில்லை.

இதன் காரணம் கருவியில் இல்லை. இளஞ்செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20 தொடக்கம் 20,000 வரையான அதிர்வுகளை உணரவல்லது. முதுமையில் உட்செவியின் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிய, உயர்ந்த மீடிறன்களே முதலில் விடைபெறுகின்றன. ஓர் ஒலி மேலிருந்து வருகின்றதென்பதை உணர்த்துவதும், செவிமடலின் மடிப்புகளிற் பட்டு மாற்றமுறும் அவ்வுயர் மீடிறன்களே. எனவே புதிய முறை எதனைச் சிறப்பாக வழங்கியதோ, அதனையே முதுமை அவரிடமிருந்து பறித்திருந்தது. பல்லுள்ள காலத்தில் கடலை இல்லை. கடலை வந்த காலத்தில் பல் இல்லை. இளமையில் இவ்விசைத்தட்டை வாங்கிய தலைமுறை முழுமைக்கும் பொருந்தும் அவலம் இது.

அவர் மனம் கசந்தது. தரையிலே தம்மோடு படுத்திருந்து கேட்ட நண்பர் இன்றில்லை. இருந்திருப்பின், தமக்குக் கேளாதது அவருக்கேனும் கேட்கின்றதா என வினவியிருக்கலாம். பேர்த்தியிடம் அவ்வாறு வினவ அவருக்கு நாணமாயிருந்தது. அவளது மகிழ்ச்சியைக் குலைக்க விரும்பாது, அவள் காட்டிய திசையெல்லாம் பார்த்துக்கொண்டு, கேட்பவர்போல அமர்ந்திருந்தார்.

இசை இறுதியை எய்தியது. தொடக்கத்திற் கேட்ட இதயத்துடிப்பு மீண்டும் எழுந்தது. அது நிக் மேசனின் பெருமுரசிலிருந்து உருவாக்கப்பட்ட ஓசை. ஏனைய கருவிகள் யாவும் ஓய்ந்தபின் அது மாத்திரம் எஞ்சி நின்றது. அதனை அவர் முழுமையாகக் கேட்டார். செவியாற் கேட்டதோடு நாற்காலியின் மரத்திலும் தம் மார்பிலும் உணர்ந்தார். தாழ்ந்த ஒலிகளை முதுமை எளிதிற் கவர்ந்து செல்வதில்லை.

அவர் பேர்த்தியை நோக்கி, அவ்வோசை எங்கிருந்து வருகின்றதெனக் கேட்டார். அவள் சுட்டுவிரலை உயர்த்தினாள். பின்னர் தயங்கிக் கையைத் தாழ்த்திக்கொண்டாள். மிகத் தாழ்ந்த ஒலிக்குத் திசை காண்பது எச்செவிக்கும் அரிது. அதனாலேயே அடியொலிப் பெட்டியை அறையின் எம்மூலையில் வைத்தாலும் அமையும் என்பர். பன்னிரண்டு பெட்டிகளின் நடுவே, பதினாறு வயதுச் செவியும் எழுபது வயதுச் செவியும் அவ்வொன்றன் முன் சமமாயின.

திசைகளைப் பெருக்குவதற்கு அறிவியல் ஐம்பது ஆண்டுகள் உழைத்தது. அவ்வுழைப்பு வீணன்று, பேர்த்தியின் முகமே அதற்குச் சான்று. முதியவருக்கோ, இழந்தது எது, இழவாதது எது என்பதை அது பிரித்துக் காட்டிற்று. துடிப்பு மெல்லத் தேய்ந்து அடங்கிய பின்னரும் இருவரும் எழவில்லை. அப்பொழுதுதான் அவர், கடிகாரங்கள் தமக்கு நன்கு கேட்கவில்லை என்பதை அவளிடம் கூறினார். அவள் அவரருகே நெருங்கி அமர்ந்து, எந்தக் கடிகாரம் எங்கே ஒலித்ததென ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.