மணி மீண்டும் ஒலித்த இரவு

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சற்று நடந்தால், ஓஃபிர் ரோட்டின் வாகன இரைச்சலுக்கு நடுவே கூர்ங்கோபுரத்துடன் நிற்கிறது லூர்து அன்னை ஆலயம். பிரான்சின் லூர்து பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு, தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டு 1888ல் திறக்கப்பட்டது. அதற்குமுன் அவர்கள் குவீன் ஸ்திரீட் ஆலயத்தைச் சீனர்களோடு பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 2005ல் இது தேசிய நினைவுச் சின்னமானது.

நான் கிறிஸ்தவள் இல்லை. ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை இரவு, தோழியின் அம்மாவுக்குத் துணையாகப் போனேன். ஆன்ட்டி முப்பது ஆண்டுகள் பாடகர் குழுவில் பாடியவர். அங்கிள் தவறிய ஒன்பது மாதங்களில் ஒரு வரிகூடப் பாடவில்லை என்று தோழி சொல்லியிருந்தாள்.

வானொலியில் ஐந்து விநாடி மௌனம் என்றாலே எங்களுக்குக் கை நடுங்கும். இங்கே மௌனத்தை வேண்டுமென்றே காக்கிறார்கள். பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதத்தின்போது ஒலிக்கும் மணி, அதன்பின் சனி இரவுவரை ஒலிப்பதில்லை. தேவையான இடத்தில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். ‘அல்லேலூயா’ என்ற சொல்லோ சாம்பல் புதனிலிருந்தே, தவக்காலம் முழுவதும் கேட்காது.

விளக்குகள் அணைந்தன. வெளியே மூட்டிய புதுத்தீயில் பாஸ்கா திரி ஏற்றப்பட்டது. அதில் சிலுவை, அந்த ஆண்டின் எண்கள், முதலும் முடிவுமான இரு கிரேக்க எழுத்துகள். தமிழில் அவற்றை ‘அகரமும் னகரமும்’ என்கிறார்கள். அ முதல் எழுத்து, ன கடைசி எழுத்து. யார் யோசித்தாரோ, அழகு!

அந்தச் சுடர் கைக்குக் கை மாறி, இருண்ட ஆலயம் மெழுகுவத்திகளால் நிறைந்தது. பிறகு உலகப் படைப்பு, செங்கடலைக் கடந்தது என்று வாசகங்கள் நீண்டன. முன்வரிசைச் சிறுவன் தூங்கியேவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

திடீரென மணிகள். எல்லாம் ஒரே நேரத்தில். விளக்குகள் பளிச்சிட, சிறுவன் திடுக்கிட்டு எழுந்தான். வானவர் கீதம் முழங்கியது. ஆன்ட்டி பாடவில்லை, மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நற்செய்திக்கு முன் குருவானவர் ‘அல்லேலூயா’ பாடினார். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதி சற்று உயர. மூன்றாவது முறை மக்கள் திருப்பிப் பாடியபோது, என் பக்கத்தில் ஒரு கரகரத்த குரல் கேட்டது. சுருதி சேரவில்லை. ஒலிப்பதிவுக் கூடமாக இருந்தால் மறுபடி பாடச் சொல்லியிருப்பேன். அன்று அத்தனை குரல்களுக்கு நடுவே அந்த ஒன்றைத்தான் என் காது பிடித்துக்கொண்டது.

வெளியே எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். “இப்ப மனசு லேசாயிருச்சா ஆன்ட்டி?” என்றேன்.

“கவலை எங்கம்மா போகும்? ஆனா அவரைத் திரும்பப் பாப்பேன்னு இன்னிக்கு நம்புறேன்,” என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது, சிரிப்பு பொய்யில்லை.

பிறகு அன்று மந்திரித்த தண்ணீரைப் பிடித்துவர ஒரு சின்ன போத்தலை என்னிடம் நீட்டினார்.

“நிறையப் பிடிம்மா. அவரு படுத்திருந்த ரூம்லயும் தெளிக்கணும்.”