ராத்தாவின் கண்ணில் விட்ட நீலம்

சீனி வருத்தம் இல்லாத வீடு நம் ஊர்களில் அரிதாகிவிட்டது. கால் புண்ணுக்குப் பயப்படுகிறோம், கண்ணுக்குப் பயப்படுவதில்லை. கண்ணுக்குள் இந்த நோய் வலிக்காது, அதுதான் காரணம்.

காத்தான்குடியில் இருக்கும் என் ராத்தாவுக்கும் வலிக்கவில்லை. ஒரு நாள் இடது கண்ணுக்குள் கறுப்பு நூல்கள் மிதந்தன. "வாவியில பாசி மிதக்கிற மாதிரி இரிக்கி" என்றார். வெள்ளெழுத்தாக்கும் என்றார்கள் வீட்டார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. விழித்திரையில் புதிதாக முளைத்த இரத்தக் குழாய்கள் கசிந்திருந்தன. அவற்றோடு வளர்ந்த ஒரு சவ்வு திரையையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. லேசர் மட்டும் போதாது என்று கொழும்புக்கு அனுப்பினார்கள்.

கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூன்று சிறு துளையிட்டு, உள்ளிருக்கும் பளிங்கு போன்ற கூழை எடுத்துவிட்டு, சவ்வை உரிக்கிறார்கள். 1970 அளவில் அமெரிக்காவில் ரொபர்ட் மாக்கெமர் என்ற வைத்தியர் தொடங்கிவைத்த முறை இது. அவித்த முட்டையின் ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோலை நீங்கள் உரித்திருப்பீர்கள். விழித்திரையின் மேல்தோல் அதைவிடப் பன்மடங்கு மெல்லியது. தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். கண்ணாடி போன்றது, கண்ணுக்கே தெரியாது.

அதற்குத்தான் சாயம். 2000 ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர்கள் பச்சைச் சாயம் ஏற்றி அந்தத் தோலைக் காட்டினார்கள். அது விழித்திரைக்கே தீங்காகலாம் என்ற ஐயம் பின்னர் எழுந்தது. 2006 இல் கியூஷூ பல்கலைக்கழகத்தார் 'பிரிலியன்ட் புளூ' என்ற நீலத்தை முன்வைத்தார்கள். மருதமுனைத் தறிக்காரர் கேட்டால் சிரிப்பார்கள்: அது முதலில் கம்பளிக்கு ஏற்றிய சாயம்! மேல்தோலில் மட்டும் நீலம் பிடிக்கும். பிடிக்காத இடத்தில் நோய்ச் சவ்வு இன்னும் ஒட்டிக்கிடக்கிறது என்று வைத்தியர் அறிந்துகொள்வார்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் கண்ணுக்குள் வாயுவை நிரப்பி, முகம் குப்புற இருக்கச் சொன்னார்கள். "அஞ்சு நேரமும் சுஜூது செய்யிற நமக்கு இது பெரிய காரியமா?" என்றார் ராத்தா. மூன்றாம் நாள் முதுகு வலியில் அழுதார்.

அதைவிட அவரை வருத்தியது உம்ராப் பயணம் தள்ளிப்போனதுதான். வாயு கரையுமுன் விமானம் ஏறக்கூடாது. உயரத்தில் அது விரிந்து, கண்ணில் அழுத்தத்தை ஏற்றிப் பார்வையைப் பறித்துவிடும். வாயுவின் வகைக்கேற்ப இரண்டு கிழமை முதல் இரண்டு மாதம்வரை உள்ளே நிற்கும். சிகிச்சைக்குச் சென்னைக்குப் பறப்பவர்கள், திரும்பும் டிக்கெட் போடுமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கண்ணால் ஆட்களை அடையாளம் காண்கிறார், எழுத்து பிடிபடவில்லை. வலது கண்ணுக்கு லேசரே போதுமாக இருந்தது. அதால்தான் குர்ஆன் ஓதுகிறார்.

ஏற்கெனவே சீனியுள்ள பெண் கர்ப்பமானால் கண் வேகமாக மோசமாகலாம். அவர்கள் வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை சோதனை. போகும்போது ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயிலும் கூசும்.